திருத்தக் கூடாத ஏடு

ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதிக்கப் புகுவோன் முதலிற் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சுவடியில் உள்ளதனை உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும். தனக்குப் பிழையெனத் தோன்றுமிடத்தும் மூலத்தை அழித்து, தன் பாடத்தை அவ்விடத்தில் எழுதிவிடல் ஆகாது. ஐயுற்ற பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டுதலே முறை. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் பண்டித வகுப்புகளில் இந்நெறியையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். யானும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன். ஆயினும், பனையோலையில் எழுதிய ஏட்டுக்கு அளித்த அம்மதிப்பை மனிதர் நாவில் எழுதிய ஏட்டுக்கு அளிக்காது விட்டேன் என்பதைச் சில காலத்துக்கு முன்னர் என் பழைய மாணாக்கி ஒருத்தி எனக்கு உணர்த்தினாள். அந்நிகழ்ச்சியைச் சொல்லி, அதன்வழியாக மாணவர் செய்யும் வாய்மொழித் தொகுப்புப் பணி குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

அவள் பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தன் சிற்றூரில் வழங்கும் நம்பிக்கைகளையும் அன்றாட வழக்கங்களையும் தொகுத்திருந்தாள். பல்கலைக்கழகத்திற் கொடுக்குமுன் எழுத்துப் பிழை நோக்கித் தருமாறு கட்டினை என்னிடம் தந்து சென்றாள். யான் சிவப்பு மையை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். 'செத்தல்' என்றிருந்ததனை 'உலர்ந்த மிளகாய்' என்றாக்கினேன். 'தேசிக்காய்' என்பது 'எலுமிச்சங்காய்' ஆயிற்று. 'விளக்கு வைச்சாப் பிறகு' என்பது 'விளக்கேற்றிய பின்னர்' ஆயிற்று. ஓரிடத்திற் குழந்தைக்கு 'நாவூறு' கழித்தல் பற்றி எழுதியிருந்தாள். உப்பும் செத்தலும் எடுத்துக் குழந்தையை மும்முறை சுற்றி நெருப்பில் இடும் வழக்கம் நாம் எல்லோரும் அறிந்ததே. யான் 'நாவூறு' என்பதனை வெட்டி, அகராதிகளிற் காணப்படும் 'கண்ணேறு' என்னும் சொல்லை மேலே எழுதினேன்.

கட்டினைப் பெற்றுச் சென்றவள் மறுநாளே திரும்பி வந்தாள்.

"ஐயா, மற்றதெல்லாம் சரி. ஆனால் அம்மம்மா நாவூறு எண்டுதான் சொன்னவ. கண்ணூறு வேறையாம், நாவூறு வேறையாம். பார்த்துப் படுகிறது கண்ணூறு, 'வடிவான பிள்ளை' எண்டு வாயாலை சொல்லிப் படுகிறது நாவூறாம்" என்றாள்.

"அப்பிடியெண்டால் அம்மம்மாவை ஒருக்கால் நேரிலை கேட்பம், பிள்ளை" என்றேன்.

"அம்மம்மா மாசியிலை மோசம்போட்டா, ஐயா" என்றாள்.

அவள் சென்றபின் அப்பக்கத்தை நெடுநேரம் நோக்கியிருந்தேன். 'ஊறு' என்பது இடையூறு, துன்பம் என்னும் பொருளிலே திருக்குறளிலும் வழங்கும் சொல். நா என்னும் ஆகார ஈற்றின் முன் உயிர் வர, வகர உடம்படுமெய் தோன்றி 'நாவூறு' ஆகும். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டித்துக் 'கண்ணூறு' ஆகும். இலக்கண விதி இரண்டும் பிழையின்றி அமைந்துள்ளன. பள்ளிக்கூடம் கண்டறியாத மூதாட்டியார் ஒருவர், கண்ணால் விளையும் ஊறு, நாவால் விளையும் ஊறு எனத் தீங்கினை இரண்டாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தக்க பெயரும் வழங்கி வந்துள்ளார். பண்டிதனாகிய யான் அவ்விரண்டினையும் ஒன்றாக்கி, பாகுபாட்டினையே அழித்தேன். யான் திருத்தியது எழுத்துப் பிழையன்று. ஓர் அறிவினையே திருத்தினேன். சொன்னவரும் இன்றில்லை என்பதனால் அத்திருத்தம் நிலைத்திருப்பின் அதனை மீட்க வழியும் இராது போயிருக்கும்.

இத்தவறு என் ஒருவனுடையதன்று. எம் பண்டித குலத்துக்குப் பழையதொரு நோய் அது. 1960-களில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய பெரும் விவாதம் எழுந்தபோது, பேச்சு வழக்கினை எழுத்தில் ஆள்வதனை 'இழிசனர் வழக்கு' எனப் பழித்தோர் எம்மவரே. ஆனால் அவர்கள் போற்றிய மரபே அவர்களுக்குச் சான்றாக நிற்கவில்லை. தொல்காப்பியர் செய்யுளியலிலே பாட்டையும் நூலையும் சொல்லும் வரிசையிலேயே பிசியினையும் முதுசொல்லினையும் வைத்து எண்ணினார். பிசி என்பது விடுகதை. நம்மூரார் 'நொடி' என்பது அதுவே. முதுசொல் என்பது பழமொழி. இளங்கோவடிகள் ஆய்ச்சியர் குரவையையும் கானல்வரியையும் ஊசல்வரியையும் தம் காப்பியத்துள் அமைத்தார். மாணிக்கவாசகர் மகளிர் விளையாட்டுப் பாடல்களின் வடிவிலே அம்மானையும் சாழலும் பொன்னூசலும் பாடினார். பண்டையோர் பொதுமக்கள் வாய்மொழியைக் கேட்டு அதிலிருந்து கொண்டனர். பிந்திய நாம் அதனைக் கேளாமலே திருத்த முற்பட்டோம்.

திருத்தும் ஆசை தமிழ்ப் பண்டிதர்க்கே உரியதுமன்று. ஜேர்மனியிற் கிறிம் சகோதரர் 1812-இலே தம் நாட்டுக் கதைகளின் முதற்றொகுதியை வெளியிட்டனர். 1857-இல் ஏழாம் பதிப்பு வெளிவரும் வரையில் அக்கதைகளை அவர்கள் பலவாறு மாற்றி மெருகிட்டனர். பனியை ஒத்த வெண்ணிறமுடைய சிறுமியின் கதையை நம் பிள்ளைகளும் அறிவர். முதற்பதிப்பில் அச்சிறுமியைக் கொல்லக் கருதியவள் அவளைப் பெற்ற தாயே. 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பிலே அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். பெற்றவளே பொறாமை கொள்ளுதல் படிப்போர்க்கு ஒவ்வாதென எண்ணினர் போலும். இன்று உலகெங்கும் வழங்குவது திருத்திய கதையே. முதற்பதிப்பு எஞ்சியிருத்தலினாலே மாற்றத்தை அறிகின்றோம். மூலத்தை எழுதி வைக்காதவிடத்து எதனைக்கொண்டு அறிவது?

நம் நாட்டில் இத்துறையில் உழைத்தோர் இலரல்லர். தி. சதாசிவ ஐயரவர்கள் 1940-இலே மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டினை அச்சேற்றினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் போதித்தவரும், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராக விளங்கியவருமான பேராசிரியர் சு. வித்தியானந்தனவர்கள் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதி நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார்கள். அன்றியும், வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு வரவழைத்து, பல்கலைக்கழக மாணவர்க்குக் கூத்துப் பழக்குவித்தார்கள். 'கர்ணன் போர்' 1962-இல் அவ்வாறே அரங்கேறிற்று. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். ஊரில் தாம் கண்டு வளர்ந்ததொன்று பல்கலைக்கழக மண்டபத்தில் ஆடத்தக்கது என்பதனைக் கண்ட மாணவர், அது ஆராயத்தக்கது என்பதனையும் கண்டுகொள்வர் என்பதற்கு இஃதொரு சான்று. மலையகத்திலே சி. வி. வேலுப்பிள்ளையவர்கள் தோட்டத் தொழிலாளரின் பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார்கள்.

எனினும் ஒன்று கூறல் வேண்டும். கூத்து, வசந்தன், கொம்புமுறி, காமன் கூத்து, தாலாட்டு, ஒப்பாரி எனப் பெரியனவற்றையே நாம் பெரிதும் தேடினோம். திருவிழா நாளிலும் சாவீட்டிலும் எழுந்த ஒலிகளைக் கேட்டோம். சாதாரண நாளிலே அடுப்படியிலும் வேலியோரத்திலும் நிகழ்வனவற்றைக் கேளாது விட்டோம். வெளியே புறப்படுவோர் 'போறன்' என்னாது 'போட்டு வாறன்' என்பது ஏன்? புறப்பட்டவரை 'எங்கே' என்று கேளாது 'தூரவோ' என்று வினவுவது ஏன்? விளக்கு வைத்தபின் உப்பும் ஊசியும் அயலாருக்குக் கொடாமை ஏன்? பேச்சினிடையே பல்லி சொன்னால் விரலால் தட்டுவது ஏன்? பல்லுக்கொழுக்கட்டை கொட்டும் நாளிலே குழந்தை முன் ஏடும் எழுத்தாணியும் பிறவும் பரப்புவது ஏன்? நெற்களத்திலே அளக்கும் நெல்லைப் 'பொலி' என்றே சொல்ல வேண்டும் என்பது கிழக்கிலங்கை வழக்கு. களத்துக்கென்றே தனிச்சொற்களை ஆளும் வழக்கம் சிங்களக் கமக்காரரிடத்தும் உண்டு. இவை பாட்டல்ல, கூத்துமல்ல. எவரும் மேடையேற்றப் போவதில்லை. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் அச்சத்தையும் அன்பையும் எவ்வாறு ஆண்டுகொள்கிறது என்பதனை இவையே காட்டுகின்றன.

அன்றாட வழக்கினைத் தொகுத்தற்கு மாணவரே தக்கவர் என்பதனை நடைமுறையிற் காட்டியவர் அமெரிக்க நாட்டு அறிஞர் அலன் டண்டிஸ். அவர் 1963 முதல் 2005-இல் இறக்கும் வரையில் கலிபோர்ணியாவிலுள்ள பேர்க்கிளிப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவர். அவரிடம் நாட்டார் வழக்காறு கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தாமே கேட்டறிந்த நாற்பது வழக்குகளைத் தொகுத்து ஒப்படைத்தல் வேண்டும் என்பது விதி. பழமொழி, விடுகதை, பகிடி, நம்பிக்கை, விளையாட்டு, சமையல் வழக்கம் என எதுவுமாகலாம். ஒவ்வொன்றையும் தனித்தாளில் எழுதி, சொன்னவர் யாவர், எங்கே, எப்பொழுது, யாரிடம் கேட்டறிந்தார், அதற்கு அவர் கொள்ளும் பொருள் யாது என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். இவ்வாறு ஆண்டுதோறும் சேர்ந்த தாள்கள் பெருகி, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வழக்குகளையுடைய ஆவணக் காப்பகமாயின. வேறு மொழி பேசும் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர், தம் பாட்டன் பாட்டியர் சொன்னதனை அம்மொழியிலேயே முதலில் எழுதி, பின்னரே பொருள் எழுதினர். பெரும் பொருட்செலவின்றி, ஓர் ஆசிரியரின் வகுப்புப் பயிற்சியாகத் தொடங்கிய பணி இது.

நாட்டார் எனப்படுவோர் எங்கோ தொலைவிலுள்ள எழுத்தறியாக் குடியானவர் என்னும் கருத்தினை டண்டிஸ் மறுத்தார். பொதுவான தொழிலோ மொழியோ சமயமோ ஏதாவதொன்றினாற் பிணைக்கப்பட்ட எக்குழுவினரும் நாட்டாரே. ஆராய்வோராகிய நாமும் நாட்டாரே என்பது அவர் கொள்கை. நம் மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. பரீட்சைக்குப் புறப்படுமுன் பேனையைப் பிள்ளையார் திருவடியில் வைத்து எடுப்பவர் யாவர்? புதிய மோட்டார் சைக்கிளின் சில்லின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசிப்பவர் யாவர்? பல்கலைக்கழக விடுதிகளிலே மூத்தோர் இளையோர்க்கு இடும் பட்டப் பெயர்கள் எத்தனை! பாட்டியாரின் நம்பிக்கையை எழுதும் மாணவன் தன் நம்பிக்கையையும் எழுதுவானாயின், பாட்டியாரைப் பார்த்து நகைக்கும் எண்ணம் தானே ஒழியும்.

இனி, என் மாணாக்கியின் ஏட்டிற் குற்றமே இல்லையோ எனின், உண்டு. 'ஊரார் இவ்வாறு நம்புகின்றனர்' என்னும் வாக்கியம் அதிற் பல இடங்களில் வந்தது. எந்த ஊரார்? ஊரிலே ஒருவர் நம்புவார். ஒருவர் நம்பாமலே செய்வார். ஒருவர் பிள்ளைகளை அடக்குதற்காகச் சொல்வார். அவள் அம்மம்மா பெயரால் எழுதிய பக்கங்களில் உயிர் இருந்தது. ஊரார் பெயரால் எழுதிய பக்கங்கள் வேறு நூலிலிருந்து பெயர்த்தனபோற் கிடந்தன. மாணவர் ஆய்வேடுகள் பலவற்றில் இக்குறையைக் காணலாம். முன்னையோர் ஏட்டிலுள்ளதனைப் பின்னையோர் தம்மூர் வழக்கென எழுதிவிடுதலும் உண்டு. யான் செய்த திருத்தம் சொல்லை அழிப்பது. 'ஊரார்' என்று பொதுப்பட எழுதுதல் சொன்னவரை அழிப்பது. இரண்டும் ஒருதன்மையனவே.

ஆதலால், தொகுக்கப் புகும் மாணவர்க்கு ஆசிரியர் கூற வேண்டுவன சிலவே. கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுக. பொருள் விளங்காச் சொல்லை எவ்வாற்றானும் மாற்றற்க. சொன்னவரின் வயது, ஊர், தொழில், அவர் யாரிடம் கேட்டார் என்பன குறிக்க. கேட்டது எவ்வேளை, எத்தொழிலினிடையே என்பதும் எழுதுக. நெல் தூற்றும்போது சொல்வதும் திண்ணையிலிருந்து நினைவுகூர்வதும் ஒன்றல்ல. ஒரே வழக்கினை இருவர் இருவிதமாய்ச் சொல்வாராயின் இரண்டனையும் எழுதுக. எது சரியென்று தீர்ப்பளித்தற்கு நீர் நீதிபதியல்லீர். ஒலிப்பதிவு செய்யுமுன் அவர் இசைவினைப் பெறுக. பெயரை வெளியிட அவர் விரும்பாவிடின் வெளியிடற்க. முடிந்தபின் ஒரு படியினை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அவர் கேட்க வாசித்துக் காட்டுக. பிழையிருப்பின் திருத்தும் உரிமை உடையவர் அவரே.

இப்பணிக்கு இக்காலத்தில் ஒரு விரைவும் வேண்டப்படுகின்றது. 1981-இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பராயின. அதனை எண்ணி இன்றும் வருந்துகின்றோம். நாவில் எழுதிய ஏடுகளின் இழப்புக்குக் கணக்கு எடுத்தார் இலர். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே குடிபெயர்ந்தபோதும், 2009 வரை நீண்ட போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் ஊர்விட்டு ஊர் சென்றபோதும், வழக்குகள் தம் இடத்தை இழந்தன. களம் இல்லாதவிடத்துக் களத்துச் சொல் எங்ஙனம் வழங்கும்? வளவும் கிணற்றடியும் போனபின் அவற்றோடு சேர்ந்த சொல்லாட்சி யாருக்குப் பயன்படும்? அவற்றை ஆண்ட முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் பேரப்பிள்ளைகளோ பல்கலைக்கழகத்தில் உளர். இருவரும் ஒரு கூரையின்கீழ் இருக்கும் காலம் நீண்டதன்று.

தொகுத்தவற்றைக் காத்தலும் வேண்டும். மாணவர் ஆய்வேடுகளிற் பெரும்பாலானவை அச்சேறுவதில்லை. பட்டம் கிடைத்தபின் அவை அலுமாரியில் உறங்குகின்றன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனத்தைப்போன்ற அமைப்புகள் நம்மிடம் உள. கைப்பேசியிற் பதிந்த குரலும் எழுதிய தாளும் அத்தகைய இடங்களில் ஒருங்கு சேர்க்கப்படின், ஒருவர் தொகுத்ததை மற்றவர் ஒப்புநோக்கலாம். மட்டக்களப்புச் சோனகர் கவியும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபு பற்றி ஊரார் ஒவ்வொருவரும் சொல்லும் கதையும், தோட்டத்து லயத்திலே வழங்கும் நொடியும் ஓரிடத்திற் கிடைக்குமாயின் அதுவே ஈழத்தமிழ் வழக்கின் பேரகராதியாகும்.

பள்ளிக்கூட ஆசிரியரும் இதிற் பங்குகொள்ளலாம். அயர்லாந்திலே 1937 முதல் 1939 வரையில், ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகளைச் சேர்ந்த ஐம்பதினாயிரம் சிறுவர் சிறுமியர் தம் வீட்டு முதியோரைக் கேட்டு எழுதியவை இன்று அந்நாட்டின் பெருஞ்செல்வமாகப் பேணப்படுகின்றன. கட்டுரைப் பயிற்சி நேரம் அதற்குப் பயன்பட்டது. நாமும் 'எனது பொழுதுபோக்கு' என்னும் தலைப்பையே ஆண்டுதோறும் கொடுத்துச் சலிப்பதினும், 'என் அம்மம்மா சொல்லித் தந்த ஒன்று' என்று ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். சிறுவர் எழுதி வருவதிற் சிவப்பு மை படாத ஒரு பக்கம் இருக்கட்டும்.

என் மாணாக்கியின் ஏட்டினை மீண்டும் வாங்கி, யான் வெட்டிய சொற்களையெல்லாம் அவள் எழுதியவாறே மீட்டுக் கொடுத்தேன். செத்தல் செத்தலாயிற்று, தேசிக்காய் தேசிக்காயாயிற்று. அம்மம்மாவின் பெயரும் வயதும் அவ்விடத்திற் சேர்க்கப்பட்டன. 'கண்ணேறு' என்பதனை அடியோடு நீக்கிவிடவா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது இப்பொழுது அப்பக்கத்தின் அடிக்குறிப்பில் உள்ளது: 'நூல் வழக்கு: கண்ணேறு. இம்மூதாட்டியார் நாவூறு, கண்ணூறு என இரண்டனையும் வேறாகவே கொள்வர்.' ஐயுற்ற பாடம் இருக்க வேண்டிய இடம் அதுவே.